வியத்நாம் மக்கள் நடத்திய போர்கள்

படை நடத்தும் கலை படைக் கல்லூரிகளில் மட்டுமே கற்கத் தக்கது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியவர் வியத்நாம் படைத்தலைவர் வோ நிகுயென் கியாப். அவர் ஹனாய் நகரின் தாங் லாங் என்னும் பள்ளியில் வரலாறு கற்பித்த ஆசிரியர். ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த நாம் இதனைச் சற்றே பெருமிதத்துடன் குறிப்பிட்டால் இளைஞர்கள் பொறுத்துக்கொள்வார்களாக!

1944 டிசம்பர் 22 அன்று காவோ பாங் மாநிலத்துக் காட்டில் 34 பேரைக் கொண்டு கியாப் ஒரு படையைத் தொடங்கினார். அவர்களுள் மூவர் பெண்கள். பழந்துப்பாக்கிகளே அவர்தம் படைக்கலங்கள். எனினும் நான்கே நாள்களுக்குள் பாய் காட், நா ஙான் என்னும் இரு பிரெஞ்சுக் காவல் நிலையங்களை அவர்கள் கைப்பற்றினர்.

அக்காலத்தில் வட வியத்நாமில் கொடிய பஞ்சம் நிலவியது. பிரெஞ்சு ஆட்சியும் ஜப்பானியப் படையும் உழவர் விளைத்த நெல்லைக் கட்டாயமாகப் பறித்தன. 1945-ஆம் ஆண்டின் இடைப்பகுதிக்குள் மாண்டோர் பல இலட்சம். ஹோ சி மின் தலைமையிலான வியத் மின் இயக்கத்தார் நெற்களஞ்சியங்களை உடைத்து மக்களுக்கு வழங்கினர். உழவர்கள் திரண்டு அவ்வியக்கத்தின்பால் சென்றதற்கு இது பெருங்காரணம் என்பது நம் கருத்து.

1945 செப்டம்பர் 2 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டது. ஆறே நாள்களில் எழுத்தறிவு ஆணை பிறந்தது. மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எழுத்தறியாதவர். போர் மூண்ட பின்னரும் காடுகளிலும் சிற்றூர்களிலும் இரவுப் பள்ளிகள் நடைபெற்றன. ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இச்செய்தி இடம்பெறுவது பொருத்தமேயாகும்.

அதே செப்டம்பரில், ஜப்பானியரின் படைக்கலங்களைக் களையவென்று சைகோனில் வந்திறங்கியது பிரிட்டிஷ் இந்தியப் படையின் 20-ஆம் டிவிஷன். பிரெஞ்சுக்காரர் மீண்டும் அங்குக் காலூன்ற அதுவே துணை நின்றது. தாமே அடிமைப்பட்டிருந்த இந்தியச் சிப்பாய்கள், மற்றோர் அடிமை நாட்டின் விலங்கை மீண்டும் பூட்டுதற்குப் பயன்படுத்தப்பட்டனர். ஆள்வோர் செய்யும் இத்தகைய சூழ்ச்சி வரலாற்றில் புதிதன்று.

1946 டிசம்பரில் முழுப்போர் மூண்டது. கியாப் எப்போதும் வென்றார் என்று எண்ணுதல் தவறு. 1951-இல் வின் யென் சமவெளியில் பகற்பொழுதில் திரள் திரளாகப் போரிட்ட அவருடைய படை, விமானங்கள் வீசிய நேபாம் எரிகுண்டுகளுக்குப் பெரிதும் பலியாயிற்று. அதன் படிப்பினை டியன் பியன் பூவில் வெளிப்பட்டது.

லாவோஸ் எல்லையருகேயுள்ள அப்பள்ளத்தாக்கில் 1953 நவம்பரில் பிரெஞ்சுப் படையினர் பாராசூட் மூலம் இறங்கி அரண் அமைத்தனர். சுற்றியுள்ள மலைகளில் பகைவர் பீரங்கிகளை ஏற்ற இயலாது என்று அவர்கள் நம்பினர். வியத்நாமியரோ இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பீரங்கிகளைக் கயிறு கட்டி, கையாலேயே இழுத்து ஏற்றினர். 1954 ஜனவரியில் தாக்குதலுக்கு யாவும் ஆயத்தம். அந்நிலையில் கியாப் தாக்குதலை நிறுத்தினார். வெற்றி உறுதியன்று என்று அவர் உள்ளம் கூறியது. ஏற்றிய பீரங்கிகளை மீண்டும் இறக்கி, புதிய நிலைகளுக்குக் கொண்டு செல்லப் பணித்தார். உருண்டோடிய பீரங்கியின் சக்கரத்தில் தம் உடலையே தடையாக இட்டு உயிர்நீத்த தோ வின் தியென் என்னும் வீரரை வியத்நாமியர் இன்றும் போற்றுகின்றனர். ஆயத்தமான படையைத் தடுத்து நிறுத்திய அத்துணிவே கியாப்பின் ஆற்றல்களுள் தலையாயது என்போம்.

உணவும் வெடிமருந்தும் சுமந்தோர் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பொதுமக்கள். மூங்கிற்கழி கட்டி வலுவூட்டிய சைக்கிள் ஒன்றில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றித் தள்ளிச் சென்றனர். 1953 டிசம்பரில் இயற்றப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலமற்ற உழவருக்கு இப்போரைத் தம் போராக்கியது. அச்சட்டத்தை நிறைவேற்றுகையில் குற்றமற்றோர் பலர் கொல்லப்பட்டதையும், அத்தவறுகளை 1956-இல் அரசே ஒப்புக்கொண்டதையும் மறைத்தல் முறையன்று.

மார்ச் 13 அன்று தாக்குதல் தொடங்கியது. தம் பீரங்கிகள் பயனற்றுப்போனது கண்டு, பிரெஞ்சுப் பீரங்கிப் படைத்தலைவர் பிரோத் சில நாள்களில் தம்மையே மாய்த்துக்கொண்டார். வியத்நாமியர் பதுங்குகுழிகளை நாள்தோறும் முன்னோக்கி வெட்டி நெருங்கினர். 56 நாள்களுக்குப் பின், மே 7 அன்று அரண் வீழ்ந்தது. ஜெனீவா உடன்பாட்டின்படி நாடு தற்காலிகமாக இரண்டாகப் பிரிந்தது. 1956-இல் நடைபெறவிருந்த பொதுத்தேர்தல் நடைபெறவில்லை.

அடுத்து வந்த அமெரிக்கப் போரைப் பலரும் அறிவர். 1969-இல் அமெரிக்கப் படையினர் 5 இலட்சத்து 40 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தனர். 1968-ஆம் ஆண்டின் டெட் புத்தாண்டுத் தாக்குதல் களத்தில் பெருந்தோல்வி; ஆயினும் அமெரிக்க மக்களின் நம்பிக்கையை அதுவே குலைத்தது. குண்டுமழைக்கிடையே ஹோ சி மின் பாதையைச் செப்பனிட்டோருள் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கானோர். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. மாண்ட அமெரிக்கர் 58,000-க்கு மேல்; வியத்நாமியரோ, 1995-இல் அவர்தம் அரசு வெளியிட்ட கணக்கின்படி, பொதுமக்கள் உட்பட ஏறத்தாழ 30 இலட்சம்.

அதன் பின்னும் போர் ஓயவில்லை. 1978 டிசம்பரில் வியத்நாம் கம்போடியாவினுள் புகுந்து போல் பாட்டின் கொடுங்கோலாட்சியை வீழ்த்தியது. 1979 பிப்ரவரியில், முன்னர்ப் படைக்கலம் வழங்கிய சீனாவே வட எல்லையில் படையெடுத்து, ஒரு திங்களில் பின்வாங்கியது. கம்போடியாவிலிருந்து வியத்நாமியப் படை 1989-இல் வெளியேறியது. ஆயினும் குவாங் திரி மாநிலத்து உழவர்களின் ஏர்முனையில் அமெரிக்கப் போர்க்காலத்து வெடிக்காத குண்டுகள் இன்றும் தட்டுப்படுகின்றன.