கருப்பட்டி + எலுமிச்சை + ஒரு சிட்டிகை உப்பு... ராமேஸ்வரம் வெயிலுக்கு வீட்டிலேயே ஒரு சூப்பர் மாக்டெயில்!

ராமேஸ்வரம் போகும் வழியில், தங்கச்சிமடம் பக்கத்தில் வில்லூண்டி தீர்த்தம்னு ஒரு இடம் இருக்கு. சுற்றிலும் கடல், நடுவில் ஒரு கிணறு. எட்டி நின்று தண்ணீர் இறைத்துக் குடித்தால் உப்பு கரிக்காது. சீதைக்குத் தாகம் எடுத்தபோது ராமன் வில்லை ஊன்றி வரவழைத்த நீர் என்பது ஊர் சொல்லும் கதை. புராணத்திலேயே தாகம் எடுத்த ஊர் இது. சித்திரை வெயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, அப்படியே தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஒரு ரவுண்டு போய் வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

கை உடனே போவது கோலா பாட்டிலுக்கு. இல்லைன்னா நீலக் கலர், பச்சைக் கலர் சிரப் ஊற்றித் தரும் 'மொஹிட்டோ'வுக்கு. கியூபாவில் பிறந்த ஒரிஜினல் மொஹிட்டோவில் ரம் இருக்கும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது எலுமிச்சை, புதினா, சர்க்கரை, சோடா. அதாவது, நம்ம ஊர் லெமன் சோடாவின் தூரத்துச் சொந்தம்தான்! அதையே ராமநாதபுரம் கடற்கரையில் கிடைக்கும் பொருள்களை வைத்து செஞ்சா எப்படி இருக்கும்? இதோ ரெசிப்பி.

கரை தரும் இரண்டு பொருள்கள்

முதலாவது, கருப்பட்டி. சாயல்குடி பக்கம் போனால் சாலையின் இரண்டு பக்கமும் பனைதான். பனம்பாளையில் இருந்து சொட்டும் நீரை அப்படியே விட்டால், சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிவிட்டால் புளிக்காது, அது பதநீர். அந்தப் பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. போதை இருக்கிற பானத்துக்கும் இல்லாத பானத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு பூச்சு சுண்ணாம்பு மட்டும்தான்!

இரண்டாவது, உப்பு. ராமநாதபுரம் மாவட்டத்தின் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளங்கள் இருக்கின்றன. வியர்வையில் நாம் இழப்பது தண்ணீரை மட்டுமல்ல, சோடியத்தையும்தான். அதனால் எலுமிச்சை ஜூஸில் போடும் அந்தச் சிட்டிகை உப்பு வெறும் ருசிக்கு இல்லை. சிறிதளவு சர்க்கரையும் உப்பும் சேர்ந்து இருக்கும்போது குடல் தண்ணீரை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும்.

எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி. எலுமிச்சையின் அருமை கடலோடிகளுக்கும் தெரியும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சீக்கிரம் எழுந்து நின்றார்கள். காரணம், வைட்டமின் சி.

தேவையானவை (2 கிளாஸ்)

- எலுமிச்சை: பெரியது 1 அல்லது சின்னது 2
- கருப்பட்டிப் பாகு: 3 டேபிள்ஸ்பூன்
- உப்பு: 2 சிட்டிகை
- புதினா: 6 இலைகள்
- குளிர்ந்த குடிநீர்: 200 மி.லி.
- சோடா: 200 மி.லி.

பாகுக்கு: கருப்பட்டி 100 கிராம், தண்ணீர் 100 மி.லி., தட்டிய சுக்கு ஒரு சின்னத் துண்டு, ஏலக்காய் 1.

செய்முறை

1. கருப்பட்டியை நுணுக்கி, தண்ணீர், சுக்கு, ஏலக்காய் சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிடலாம். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம்.

2. மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மணலும் தூசியும் இருக்கும். இந்த ஸ்டெப்பை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க. பாகு நன்றாக ஆறணும்.

3. எலுமிச்சையை உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு நறுக்குங்கள். சாறு நிறைய வரும். பிழியும்போது விதை நசுங்கக் கூடாது, தோலையும் முறுக்கிப் பிழியக் கூடாது. கசப்பு இறங்கிடும்.

4. கண்ணாடி ஜக்கில் புதினாவைப் போட்டு லேசாகத் தட்டுங்கள். சாறு, பாகு, உப்பு, குளிர்ந்த நீர் சேர்த்துக் கலக்குங்கள். அலுமினியம், பித்தளைப் பாத்திரம் வேண்டாம். எலுமிச்சையின் அமிலம் உலோகத்தோடு வினைபுரியும்.

5. இரண்டு கிளாஸில் பகிர்ந்து, கடைசியாக சோடாவை கிளாஸின் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். சோடாவில் உப்பைப் போட்டால் பொங்கி வழிந்து, கேஸ் எல்லாம் போய்விடும். உப்பு முதலில், சோடா கடைசியில். இதுதான் ரூல்.

கோலி சோடா கிடைத்தால் இன்னும் ஜாலி. 1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் கேஸின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துவிடும். மூடியே தேவையில்லை.

சோடா பிடிக்காதவர்கள் முழுக்கத் தண்ணீரே ஊற்றலாம். அப்போது இது ராமநவமிக்குத் தரும் பானகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கருப்பட்டி வாசம் ஆகாதவர்கள் நன்னாரி சிரப் சேர்க்கலாம். ஆனால், அளவைக் கூட்டாதீங்க.

தண்ணீரைக் கவனிங்க

இந்தக் கடற்கரையில் பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு. தனுஷ்கோடி மணலில் ஆழமில்லாத ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். மழைநீர் எடை குறைவு என்பதால் கடல்நீரின் மேலே மிதந்து நிற்கும். இன்னும் ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும். உங்கள் வீட்டுத் தண்ணீர் ஏற்கெனவே கரிக்கிறதா? உப்பைப் பாதியாகக் குறையுங்கள், இல்லைன்னா காவிரிக் குடிநீரில் செய்யுங்கள்.

எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துடும் என்று நம்பி, கொதிக்க வைக்காத தண்ணீரில் ஜூஸ் போட வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய நீர்தான் பாதுகாப்பு. ஐஸுக்கும் அதே நீர்தான்.

எவ்வளவு குடிக்கலாம்?

'கருப்பட்டிதானே, சுகர் ஏறாது' என்பது தப்பு. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரையேதான். இந்த அளவில் செய்தால் ஒரு கிளாஸில் சுமார் 13 கிராம் வரும். கோலா வகைகளில் பொதுவாக 100 மி.லி.க்கே 10 கிராம் அளவு சர்க்கரை இருக்கும், 250 மி.லி. குடித்தால் 25 கிராம். கிட்டத்தட்ட பாதிதான் என்றாலும், சர்க்கரை நோய் இருப்பவர்கள் பாகு இல்லாமல் குடிப்பது நல்லது. பி.பி., சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் உப்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் இந்த டிரிங்க் போதாது. ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுக்கணும். பாக்கெட் கிடைக்காத அவசரத்துக்கு, 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில் இல்லாத பானங்கள் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. அதனால், கலர் டப்பாவைப் பார்த்து ஏமாறாதீங்க.

வெயிலில் நின்ற ஒருவருக்கு உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் ஜூஸ் தேடி ஓட வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் துடைத்து, 108-ஐ அழையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எடுத்து வைக்கலாமா?

பாகு மட்டும் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். தண்ணீர் கலந்ததை வெளியே வைத்தால், அந்த வெயிலுக்குப் புளிக்க ஆரம்பிச்சிடும். சுண்ணாம்பு தடவாத கலயத்தின் கதைதான்! எலுமிச்சைச் சாறும் நேரம் ஆக ஆகக் கசக்கும். அதனால் பாகை ரெடியாக வைத்துக்கொண்டு, குடிக்கும்போது மட்டும் பழத்தைப் பிழியுங்கள்.

அடுத்த முறை ராமேஸ்வரம் போகும்போது ஒரு சின்ன பாட்டில் பாகு, நான்கு எலுமிச்சை, ஒரு பொட்டலம் உப்பு பையில் இருக்கட்டும். தண்ணீரும் சோடாவும் போகிற வழியில் வாங்கிக்கலாம்.