பெயர் பரவிய இரண்டு ஊர்கள்

டாடா நிறுவனம் 1943-இல் மும்பையில் மக்கள் தொடர்புக்கென்றே தனித் துறை தொடங்கியது. 1958-இல் இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் உருவானது. ஸ்ரீவில்லிபுத்தூரின் புகழோ இத்தகைய அமைப்புகளை நம்பி வளரவில்லை.

ஆண்டாள் கோயிலுக்கு வந்தவர்கள் பால்கோவாப் பொட்டலத்தோடுதான் பஸ் ஏறினார்கள். பாலும் சர்க்கரையும், விறகடுப்பும், கை ஓயாமல் கிண்டும் பொறுமையும்தான் அதன் சேர்மானம். அதைச் சாப்பிட்டுப் பார்த்த உறவுக்காரர்கள் அடுத்த ஊரில் இந்த ஊரைப் பற்றிப் பேசினார்கள். பெயர் வளர்ந்தபோது போலிகளும் வளர்ந்தன. 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு அந்தப் பெயருக்குச் சட்டக் காவல் தந்தது. எந்த விளம்பரத்தையும்விட இது பெரிய காரியம்.

ராஜபாளையத்தின் கதை வேறு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ.ச.குமாரசுவாமி ராஜா இவ்வூர்க்காரர். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். நூற்பாலைகளும் ஊருக்குப் பெயர் சேர்த்தன.

ஆனால் வடக்கே ஊர்ப்பெயரைக் கொண்டுபோனது, ராஜபாளையம் என்றே அழைக்கப்படும் ஒரு வெள்ளை வேட்டைநாய். 2005-இல் அதற்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் அதன் பெயர் ஒலித்தது.

பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ மருத்துவமனைகளில் காயம் கட்டுகிறது. அந்த ஊரின் பெயர் இந்த அளவுக்குப் பரவவில்லை. மக்கள் தொடர்பைத் தொழிலாக எடுக்க நினைக்கும் இப்பகுதி இளைஞர்கள் முதல் வேலையை அங்கே தொடங்கட்டும்.