பாண்டியன் லாயத்துக் குதிரைகள்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இன்று பழையகாயல் என்று வழங்கும் ஊரில்தான் ஒரு காலத்தில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. வந்த கதையை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, வந்த குதிரைகள் எப்படிச் செத்தன என்பதில்தான் புத்தி போகிறது.

1290களில் இந்தக் கரையைத் தொட்டுப் போன மார்க்கோ போலோ, பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர் நால்வரும் அப்படியே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்கிறார். எண்ணிக்கை விஷயத்தில் போலோவுக்குக் கை தாராளம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பெரிய சாவுதான். அவர் சொல்லும் காரணம், குதிரை வைத்தியமும் குளம்பு வேலையும் தெரிந்த ஆள் இங்கே கிடையாது என்பது. ஹோர்முஸ், ஏடன் வணிகர்கள் அப்படிப்பட்டவர்களைக் கூட்டி வரவில்லை, தானாக வருபவரையும் விடவில்லையாம். செத்தால்தானே மறுபடி விற்கலாம்!

லாடக்காரர் இல்லாத லாயத்தில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். லத்தியும் மூத்திரமும் ஊறிய தரையில் நிற்கிற குதிரையின் காலைத் தூக்கும் முன்பே மூக்கு சொல்லிவிடும். அடிக்குளம்பின் நடுவில் ரப்பர் போல மெத்தென்று முக்கோணமாக ஒரு பகுதி உண்டு. அதன் இரு பக்கப் பள்ளங்களில் சேறு அப்பிக் காற்றை அடைத்துவிட்டால் கிருமி உள்ளே குடியேறும். கொக்கியால் சுரண்டினால் கறுப்பாகக் குழகுழவென்று வரும். அழுகலைச் செதுக்கியெடுத்து, கழுவித் துடைத்து, மயில்துத்தமோ அயோடினோ வைத்து, தரையைக் காயவைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். தரை காயாவிட்டால் எந்த மருந்தும் நிற்காது.

சீழ்க்கட்டு வேறு ரகம். நேற்று ஓடிய குதிரை இன்று மூன்று காலில் நிற்கும். குளம்பு சுடும், கணுக்காலின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி திண்திண்ணென்று அடிக்கும். இடுக்கியால் குளம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அங்கே கீறிச் சீழை வடித்து, எப்சம் உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, கட்டுப் போட வேண்டும். ரண ஜன்னி ஊசியை மறக்கக் கூடாது. ஊசியை விட்டுவிட்டுப் பார்த்தால், மற்றதில் பாதியை அனுபவமுள்ள லாடக்காரரே செய்துவிடுவார். அந்த அளவில் போலோ சொன்னது சரி.

ஆனால் அவர் போகிறபோக்கில் சொன்ன இன்னொன்றுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: தீனி. சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் ஏறக்குறைய அதே காலத்தில் எழுதியிருக்கிறார்: வறுத்த தானியத்தில் வெண்ணெய் கலந்து கொடுத்தார்கள், காய்ச்சிய பசும்பால் குடிக்க வைத்தார்கள், கொழுக்கட்டும் என்று 40 நாள் முளையடித்துக் கட்டிப்போட்டார்கள், பிறகு பழக்காமலே ஏறிப் பேய் மாதிரி ஓட்டினார்கள்.

புல் தின்னப் பிறந்த பிராணிக்கு மாப்பிள்ளை விருந்து! செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் போய்ப் புளிக்கும். அதன் விளைவு குளம்பில் இறங்கும். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கிற மெல்லிய மடிப்புகள் புண்ணாகிப் பிடி விடும். லாமினைட்டிஸ் என்போம். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னால் போட்டு நிற்கும். முற்றினால் எலும்பு சாய்ந்து அடிக்குளம்பையே துளைத்துவிடும். பிணைப்பு விட்ட சந்தில் சேறும் கிருமியும் ஏறும். இந்தக் கட்டத்தில் லாடக்காரர் இருந்தும் பெரிய பலனில்லை.

குளம்பு ஒன்றே இத்தனையையும் கொன்றது என்று சொல்ல மாட்டேன். கடிக்கும் ஈயால் பரவும் சர்ரா நோயும் குதிரையை உருக்கிவிடும். அதன் கிருமியை கிரிஃபித் எவன்ஸ் பஞ்சாபில் கண்டதே 1880இல்தான். ஆனால் நிற்கும் தரையும் போடும் தீனியும் அரசன் கையில் இருந்தவை. குதிரை வைத்தியமும் நாட்டுக்குப் புதிதல்ல. சாலிஹோத்திரர் பெயரில் சமஸ்கிருதத்தில் தனி நூல் மரபே இருந்தது. ஏட்டில் இருந்தது லாயத்துக்கு வரவில்லை போலிருக்கிறது. மாணிக்கவாசகர் கதையில் பரிகள் ராத்திரியில் நரியாகிப் பழைய குதிரைகளைக் கடித்துக் குதறியதை ஊர் ஏன் அவ்வளவு எளிதாக நம்பியது என்று எனக்கு இப்போது ஆச்சரியமில்லை.

அரசன் ஏன் திருந்தவில்லை என்றால், கணக்கைப் பார்க்க வேண்டும். வஸ்ஸாஃப் சொல்லும் விலை குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் செத்தாலும் விலை அரச கருவூலத்திலிருந்து வந்துவிடும் என்று ஒப்பந்தம். அந்தப் பணமும் கோயில் வருவாயிலிருந்து போனது என்கிறார். உயிரோடு வந்தாலும் செத்தாலும் ஒரே விலை என்றால், எந்த வணிகன் கூலி கொடுத்து லாடக்காரரைக் கப்பலில் ஏற்றுவான்? இருநூறு ஆண்டு கழித்து விஜயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மனும் அதே வழியில்தான் போனான். கடலில் செத்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ளதற்கான விலையே கொடுத்தான் என்று போர்ச்சுகீசியர் நூனிஸ் எழுதி வைத்திருக்கிறார்.