ரிவர்ஸ் பிராக்ஸி வழித் தரவுப் பரிமாற்றம்

ஒரே முகவரியின் கீழ் இயங்கும் இரண்டு வலைச் செயலிகளுக்கு முன்னால் நின்று, உலாவியின் கோரிக்கைகளை வாங்கி உரிய செயலிக்கு அனுப்பும் சர்வர் ரிவர்ஸ் பிராக்ஸி எனப்படும். இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் இப்பணிக்குப் பரவலாகப் பயன்படுகிறது.

இரு செயலிகளும் ஒரே டொமைனில் தெரிவதால், பாதை '/' எனக் குறிக்கப்பட்ட குக்கி இரண்டுக்கும் போய்ச் சேரும். ஒரு செயலியிலிருந்து மற்றதற்குச் சிறு தரவை அனுப்ப இது போதும். ஆனால் குக்கி பயனர் திருத்தக்கூடியது. கையொப்பமிடாத குக்கியை நம்புவது ஆபத்து.

பயனர் யார் என்று தெரிவிக்க, கோரிக்கையோடு செல்லும் ஹெட்டரே நல்ல வழி. என்ஜின்எக்ஸின் ஆத்-ரிக்வெஸ்ட் தொகுதி, கோரிக்கை வந்ததும் முதலில், இரு செயலிகளில் ஒன்றான உள்நுழைவுச் செயலியிடம் துணைக்கோரிக்கை ஒன்றை அனுப்பும். பதில் 200 என்றால் அனுமதி. 401, 403 என்றால் மறுப்பு. அனுமதிப் பதிலில் இருக்கும் பயனர் பெயரை எடுத்து, ஹெட்டராக்கி, இரண்டாம் செயலிக்குக் கொடுக்கலாம். வெளியிலிருந்து அதே பெயரில் வரும் ஹெட்டரை பிராக்ஸி அழித்து எழுதியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் நிர்வாகி என்று சொல்லிக்கொண்டு நுழைந்துவிடலாம். இரண்டாம் செயலியின் போர்ட் இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்தாலும் இதே கதிதான்.

பலரை மணிக்கணக்கில் அலைக்கழிப்பது ஹெட்டர் பெயரில் வரும் அடிக்கோடு. 'யூசர்-ஐடி' என்று உலாவி அனுப்பும் ஹெட்டர் போய்ச் சேரும். 'யூசர்_ஐடி' என்றால் என்ஜின்எக்ஸ் இயல்பமைப்பில் அதைக் கைவிட்டுவிடும்.

பயனரின் ஐபி முகவரியைச் சுமக்கும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டர் வழக்கத்தால் நிலைத்தது. அதன் தரப்படுத்திய வடிவத்தை 2014இல் ஆர்எஃப்சி 7239 வகுத்தது. கோப்புகள் போன்ற பெரிய தரவு கோரிக்கையின் உடலில் செல்லும். 1 எம்பியைத் தாண்டினால், வரம்பை உயர்த்தாதவரை, என்ஜின்எக்ஸ் 413 பிழையோடு திருப்பியனுப்பும்.