ஒரு வழக்கும் ஓர் ஊரும்

காலை வேளையில் தாயில்பட்டித் தேநீர்க் கடையில் நாளிதழைப் பிரிப்பவர் முதலில் தேடுவது தில்லிச் செய்தியைத்தான். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பி வாழும் ஊர் அது. உச்ச நீதிமன்றத்தின் ஒரு சொல்லால் அங்கே பல வீடுகளின் அடுப்பு எரியும், அணையவும் அணையும். ஆகவேதான் வழக்குச் செய்திகளையும், சட்டம் அறிந்தோர் அவற்றிற்கு எழுதும் விளக்கங்களையும் நான் விடாது படித்து வருகிறேன். ஒரு நாள் தலைப்பைக் கொண்டு ஒரு வழக்கை அறிந்துவிட முடியாது என்பதே அதில் நான் கற்ற பாடம். அதற்குச் சான்றாக எங்கள் வட்டாரத்து வழக்கு ஒன்றைச் சொல்லுகிறேன்.

கல்கத்தா சென்று தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். வானம் பார்த்த பூமிக்கு அது வாழ்வளித்தது. ஆனால் காலப்போக்கில், குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்னஞ்சிறு கைகள் வந்து சேர்ந்தன. பதினான்கு வயது நிரம்பாத குழந்தைகளைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு கூறியது. ஏட்டில் அவ்வாறிருந்தும் வழக்கம் மாறவில்லை.

1986-இல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அடிப்படை உரிமை பற்றிய வழக்காதலின், கீழ் நீதிமன்றங்களைக் கடந்து அது நேரே அங்குச் சென்றது. 1990 அக்டோபர் 31-இல் வந்த தீர்ப்பு, தீப்பெட்டி செய்யும் வேலையில் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாது என்றது. ஆயினும் செய்து முடித்தவற்றைத் தரம் பிரித்துக் கட்டும் வேலைக்கு இளங்கைகள் ஏற்றவை என்று கருதி, அதனை அனுமதித்தது. பெரியவர்க்குரிய குறைந்தபட்சக் கூலியில் நூற்றுக்கு அறுபதேனும் அவர்களுக்குத் தரவேண்டும் என்றும் கூறியது.

அன்றோடு படிப்பதை நிறுத்தியவர், குழந்தைகள் கட்டு வேலை செய்யலாம் என்பதே சட்டம் என்று எண்ணியிருப்பார். ஆனால் வழக்கு அங்கே நிற்கவில்லை. சிவகாசிப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் நேர்ந்த விபத்து நாளிதழ்களில் வெளிவந்தது. அச்செய்தியைக் கண்ட நீதிமன்றம் தானாகவே மீண்டும் விசாரணையை மேற்கொண்டது. 1991-இல் நிலைமையை ஆராய வழக்கறிஞர் குழு ஒன்றையும் அமைத்தது. நீதிமன்றச் செய்தி நாளிதழுக்கு வருவது வழக்கம். இங்கே நாளிதழ்ச் செய்தி நீதிமன்றத்திற்குச் சென்றது!

1996 டிசம்பர் 10-இல் வந்த தீர்ப்பு வேறு குரலில் பேசியது. சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். இயலாவிடில் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அத்தொகையின் வருவாய், குழந்தை பள்ளிக்குச் செல்லும் வரை குடும்பத்திற்குச் சேரும். வறுமையைத் தீர்க்காமல் குழந்தையை மட்டும் வெளியே அனுப்பினால் அது வேறொரு வாயில் வழியாக வேலைக்குத் திரும்பும் என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது. அடுப்புக்கு விறகும் வேண்டும், பிள்ளைக்குப் பள்ளியும் வேண்டும் என்பதை ஒரே தீர்ப்பில் கண்டபோது, நம் ஊரை யாரோ அருகிருந்து பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பட்டாசு வழக்கும் இத்தகையதே. 2021 அக்டோபரில் ‘பட்டாசுக்குத் தடை’ என்று ஊரே கலங்கியது. ஆணையைப் படித்தால், முழுத் தடை இல்லை. பேரியம் உப்புச் சேர்ந்த வெடிகள் போன்றவற்றிற்கே தடை என்று தெளிவாக இருந்தது. 2018 அக்டோபர் 23-இல் வந்த தீர்ப்பும் முழுத் தடையை மறுத்து, சரவெடியை விலக்கி, நேரத்தை வரையறுத்ததே ஆகும். சரவெடியை நம்பியிருந்தவருக்கு அது இழப்புத்தான். எனினும், எது போயிற்று, எது நின்றது என்று அறிந்தவனே அடுத்த வேலையைப் பற்றி எண்ண முடியும்.

ஆதலால், நேயர்களே, வழக்குச் செய்தி ஒன்றைக் காணும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது இடைக்கால ஆணையா, இறுதித் தீர்ப்பா? எதைத் தடுத்தது, எதை விட்டது? இதன் பிறகு என்ன நடந்தது? மூன்றாவது கேள்வியைக் கேட்க மறந்தவருக்கு, 1990-ஆம் ஆண்டு இன்னும் முடிந்திராது.