சாவா மூவா அறம்



திருத்தணி மலைக்கு அருகே கே.ஜி.கண்டிகை என்றோர் ஊர் உண்டு. அவ்வூரைப் போன்ற ஒரு சிற்றூரில், படிக்க வசதியற்ற பிள்ளைகள் பத்துப் பேருக்கு உபகாரச் சம்பளம் வழங்க ஒரு சங்கத்தார் முனைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பொருள் வேண்டும். பொருளுடையோர் நாட்டில் இல்லாமல் இல்லை. அவருள் சிலர் அறத்துக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கியும் வைத்திருப்பர். ஆயினும், ஒதுக்கிய பொருள் ஓரிடத்தில் கிடக்க, அதனை வேண்டுவோர் வேறோரிடத்தில் காத்திருக்கின்றனர். இவ்விரண்டையும் இணைப்பது எவ்வாறு? இக்கேள்வி புதியதன்று. நம் முன்னோர் இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டனர்.

சோழர் காலக் கல்வெட்டுக்களில் மிகுதியாகக் காணப்படும் கொடை, நந்தா விளக்கு எரிப்பதற்கான கொடையே ஆகும். விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது பல ஊர்களில் வழங்கிய கணக்கு. கொடுத்தவர் ஆடுகளைக் கோயிலுக்கு உரிமையாக்கினார். கோயிலார் அவற்றை இடையரிடம் ஒப்படைத்தனர். இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர். ஆடு இறந்தாலும் மூத்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காத்தல் அவர் பொறுப்பு. ஆகவே அவற்றைச் 'சாவா மூவாப் பேராடுகள்' என்றனர். முதல் அழியாது, பயன் மட்டும் செலவாகும். அறக்கட்டளை என்பதன் இலக்கணம் முழுவதும் இதனுள் அடங்கிவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயிலில் காசாகவும் கொடை வந்தது. அக்காசு ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்னாரிடம் இவ்வளவு முதல், அதன் வட்டி இன்ன செலவுக்கு என்பதெல்லாம் வருவோர் போவோர் காணக் கல்லில் வெட்டப்பட்டன. தன் பொருள் என்ன ஆகும் என்று கொடுப்பவர் ஐயுற இடமே இல்லை. அத்தெளிவே அடுத்த கொடையாளரை அழைத்து வந்தது.

திருத்தணியிலேயே இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலை ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் அபராசிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கற்றளியாக எழுப்பினார். அத்திருப்பணியைக் குறித்து மன்னனே பாடிய வெண்பா ஒன்று அக்கோயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தவரை மறவாமல் போற்றுதலும் அறம் வளரும் வழிகளுள் ஒன்று என்பதை அவன் உணர்ந்திருந்தான் போலும்.

எல்லாக் கொடையும் இவ்வாறு இனிதே நடந்தன என்று கருதலாகாது. பச்சையப்ப முதலியாரின் வரலாற்றைப் பாருங்கள். 1754ஆம் ஆண்டில் தந்தையை இழந்த குழந்தையாகப் பிறந்து, வறுமையில் வளர்ந்து, சென்னையில் துபாஷியாகிப் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். 1794ஆம் ஆண்டில் தாம் மறைவதற்குச் சில நாட்களுக்கு முன், தம் செல்வத்தை அறத்துக்கென உயில் எழுதி வைத்தார். காசி முதல் குமரி வரை உள்ள திருத்தலங்களில் அறங்கள் நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நடந்தது என்ன? பொருளைக் கையாண்டோரிடையே பிணக்கும் வழக்குமாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. பொருள் இருந்தது; விருப்பமும் எழுத்தில் இருந்தது; அறம் மட்டும் நடக்கவில்லை.

அதனை மீட்டவர்கள் சென்னை அரசாங்க வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டனும், கோமளேசுவரன்பேட்டை சீனிவாச பிள்ளை முதலிய நகரப் பெரியோரும் ஆவர். நீதிமன்றத்தின் வழியே நிதி காக்கப்பட்டது. சமய அறங்களுக்கு ஒதுக்கியது போக எஞ்சியது கல்விக்கு வழங்கப்பட்டது. 1842ஆம் ஆண்டில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது; அதுவே பின்னர்க் கல்லூரியாயிற்று. உயிலில் குறிக்கப்படாத கல்விக்கு அப்பொருளைத் திருப்பியது முறையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே அது. கொடுத்தவர் குறித்த அறங்களை முதலில் நிறைவேற்றி, மிச்சத்தையே கல்விக்கு ஆக்கினர் என்பதுதான் விடை. குறித்ததைக் கைவிட்டுப் பிறிதொன்று செய்திருப்பின் அது நம்பிக்கைத் துரோகமாகியிருக்கும்.

அதன் பயனையும் காண்க. செம்மையாக நடைபெறத் தொடங்கிய அறத்தை நாடிப் பிறர் பொருளும் வந்தது. கோவிந்து நாயகர், கந்தசாமி நாயுடு, செல்லம்மாள் ஆகியோர் பெயரால் விளங்கும் கல்வி நிலையங்கள் பச்சையப்பர் அறக்கட்டளையின் பாதுகாப்பில் வளர்ந்தன. காவல் நன்றாயின் கொடை தானே வரும்.

கடல் கடந்தும் இதே சிக்கல் எழுந்ததுண்டு. மறைந்தோரின் உயில்கள் காலத்துக்கு ஒவ்வாமல் பொருளை முடக்கிவிடுவதைக் கண்டு, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரடெரிக் காஃப் என்பவர் 1914ஆம் ஆண்டில் ஊர்ப் பொது அறநிதி ஒன்றை நிறுவினார். நியூயார்க் நகரத்துப் பொது அறநிதியில் 1931ஆம் ஆண்டில் வேறொரு முறை தோன்றியது. கொடையாளர் பொருளை முழுவதும் நிதிக்கே உரிமையாக்கிவிடுவார். பின்னர், இன்ன நிலையத்துக்குக் கொடுக்கலாம் என்று அவ்வப்போது ஆலோசனை கூறுவார். முடிவு செய்யும் உரிமை நிதியத்தாருடையது. இதனைக் கொடையாளர் ஆலோசனை நிதி என்பர். பொருளை ஒப்படைத்த ஆண்டிலேயே வரிச் சலுகை கிடைத்துவிடுகிறது. ஆனால் அப்பொருளை எத்தனை ஆண்டுகளுக்குள் வழங்கிவிட வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் அத்தகைய தனி நிதிக்குக் கெடு விதிக்கவில்லை. அதனால் பெருந்தொகைகள் உறங்கிக் கிடக்கின்றன என்ற குறை அங்கே எழுந்திருக்கிறது. பச்சையப்பர் நிதிக்கு நேர்ந்தது போன்ற உறக்கமே இது. இங்கே வழக்கு உறங்க வைத்தது, அங்கே வசதி உறங்க வைக்கிறது.

அவ்வுறக்கத்தை எழுப்ப வேண்டியவர் யார்? பெறுவோரேதான். முதலாவது, வேண்டுவதை அளவிட்டுச் சொல்ல வேண்டும். 'ஏதேனும் உதவுங்கள்' என்பதைவிட, 'ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு' என்பதற்கே செல்வர் செவி சாய்ப்பர். இரண்டாவது, கணக்கைக் கல்வெட்டுப் போல் எவரும் காண வைக்க வேண்டும். தணிக்கையும் முறையாக நடக்க வேண்டும். மூன்றாவது, சட்டத்துக்கு உட்பட வேண்டும். அயல்நாட்டு நிதியைப் பெற விரும்பும் சங்கம் 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி பெற்றிருத்தல் இன்றியமையாதது. நான்காவது, கொடையாளரோடு அவர்தம் நிதியைக் காப்போரையும் அணுக வேண்டும். ஐந்தாவது, பெற்றதைக் குறித்த செயலுக்கே செலவிட்டு, நன்றியுடன் அறிவிக்க வேண்டும்.

திருத்தணியில் 1888ஆம் ஆண்டில் எளிய குடும்பத்தில் பிறந்த இராதாகிருஷ்ணன், உபகாரச் சம்பளங்களின் துணையால் கற்றார்; 1962இல் குடியரசுத் தலைவரானார். அவ்வுதவிகளை அளித்தோர் தம் பொருள் எங்கே சென்று சேரும் என்று கனவிலும் கண்டிருக்க மாட்டார். உறங்கும் பொருளால் இத்தகைய பயன் விளையாது. கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் நாளை படிக்கப்போகும் பிள்ளைகளும் அத்தகைய ஓர் உழக்கு நெய்க்காகக் காத்திருக்கலாம். அதனைக் கேட்கவும் காக்கவும் தகுதியுடையோராக நீங்கள் வளர வேண்டும்.