மூலமும் திருத்தமும் படியும்

பழம்பொருளைப் பேணுவோர்க்கு மூன்று வழிகள் உள. தோன்றியவாறே காத்தல் ஒன்று. காலத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளுதல் மற்றொன்று. அதனைப் பார்த்து அவ்வாறே புதிதாய்ச் சமைத்தல் பிறிதொன்று. பழைய பந்தயக் கார்களைப் போற்றுவோரிடையே இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கு நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. மூலமே மெய், ஏனையவை போலி என்பது ஒரு சாரார் கொள்கை.

அக்கொள்கை ஆராய்ச்சிக்கு முன் எளிதில் நிலைபெறுவதன்று. 1962ஆம் ஆண்டில் அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி, ஆங்கில நாட்டு ஏ.சி. நிறுவனத்தின் ஏஸ் காரில் போர்ட் நிறுவனத்தின் வி-8 இயந்திரத்தைப் பொருத்துவித்தார். அவ்வாறு பிறந்ததே கோப்ரா. இன்று மூலமெனப் போற்றப்படும் அது, பிறப்பிலே ஒரு திருத்தமாகும். ஜாகுவார் நிறுவனம் 1963இல் எடை குறைந்த ஈ-டைப் பந்தயக் கார்கள் 18 செய்யக் கருதி, 12 மட்டுமே செய்தது. எஞ்சிய 6 எண்களுக்குரியவற்றை 2014ஆம் ஆண்டு தொடங்கிச் செய்தது. செய்த நிறுவனம் ஒன்றே, காலம் வேறு. அவற்றை மூலம் என்பதா, படி என்பதா?

இவ்வினாவுக்குக் கண்டி மாநகரில் விடை காணலாம். தலதா மாளிகையின் அயலில் நிற்கும் ‘மகுல் மடுவ’ என்னும் அரச மண்டபம், இராசாதிராச சிங்கன் காலத்தில் 1783இல் தொடங்கப்பெற்றது. நாயக்க மரபின் இறுதி மன்னன் சிறைப்பட்டபின், 1815 மார்ச் 2ஆம் நாள், கண்டி அரசை ஆங்கிலேயர்க்கு உரியதாக்கிய உடன்படிக்கை இங்கேயே படிக்கப்பெற்றது. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் அதனை நீட்டித் திருத்தினர். ஆகலின் இன்று காணப்படுவது 1815இல் இருந்த வடிவமன்று. எனினும் அதனைப் போலி என்பாரிலர். நிகழ்ச்சி நிகழ்ந்த இடம் அதுவே.

1948ஆம் ஆண்டு விடுதலையின் நினைவாகக் கொழும்பில் எழுந்த சுதந்திர மண்டபம், அவ்வடிவையே கொங்கிறீற்றில் தழுவியது. நாட்டுரிமை கைமாறிய மண்டபத்தின் தோற்றமே விடுதலையின் சின்னமாயிற்று. அது தன்னைக் கண்டி மண்டபம் என்று கூறிக்கொள்வதில்லை. ஆதலின் அதுவும் போலியன்று.

எனவே குற்றம் திருத்துதலிலோ படியெடுத்தலிலோ இல்லை; ஆண்டை மறைத்தலிலேயே உள்ளது. புதிய உடலிற் பழைய எண்ணைப் பொறித்து விற்பவன், வாங்குவோனை மட்டுமன்றி வரலாற்றையும் ஏமாற்றுகின்றான். எப்பகுதி எவ்வாண்டில் மாறியது என எழுதி வைப்பவன், மாற்றியவனாயினும் காத்தவனே ஆவான். ஆயினும் மூலத்தைத் திருத்துவோர்க்குக் கடன் ஒன்று மிகுதியாக உண்டு: கழற்றியதை எறியாது வைத்தல். படிகள் எத்தனையும் செய்யலாம். அழிந்த சான்றை மீளச் செய்தல் எவர்க்கும் இயலாது.